உடன் வந்தவர்களின் ஊர்

மாநாட்டுக்குப் போகிறவருக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு. கூடப் போகிறவருக்கு அறைச் சாவி உண்டு. என் மனைவி கோவையில் எலும்பு முறிவு அறுவை மருத்துவர். அவளோடு போன ஊர்களில் எல்லாம் எனக்கு வாய்த்தது அந்தச் சாவிதான். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவனுக்கு அதுவே போதும். அவள் உள்ளே ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் வெளியே அருங்காட்சியகம், கல்லறை, பழைய ரயில் நிலையம் என்று திரிவேன். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பயிற்சி என்று முடிவானபோது மட்டும் அவளுக்கே கொஞ்சம் கவலை வந்துவிட்டது.

“டிசம்பர் மாசம். எட்டு மணி ஆனாத்தான் விடியும், நாலரைக்கெல்லாம் இருட்டிரும். வெளிய எல்லாம் பனி. நாள் பூரா அங்க என்னங்க பண்ணுவீங்க?”

“அந்த ஊர்ல செத்தவங்க நிறையப் பேரு எனக்குத் தெரிஞ்சவங்கதான். பேச்சுத்துணைக்குப் பஞ்சம் இருக்காது” என்றேன்.

செய்தித்தாள் படிப்பவர்களுக்கு டாவோஸ் என்றால் ஜனவரி. பிரதமர்களும் முதலாளிகளும் கூடும் உலகப் பொருளாதார மன்றம். எலும்பு மருத்துவர்களுக்கு டாவோஸ் என்றால் டிசம்பர். மாரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர் உள்ளிட்ட சுவிஸ் அறுவை மருத்துவர்கள் சிலர் 1958இல் ஏஓ என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே டாவோஸில் அதற்கொரு ஆய்வுக்கூடம் வந்தது. 1960 டிசம்பரில் முதல் பயிற்சி வகுப்பு. முறிந்த எலும்பைப் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து எப்படிச் சேர்ப்பது என்பதை உலகம் முழுவதிலிருந்தும் வரும் மருத்துவர்கள் இன்றுவரை அங்கே கற்றுக்கொள்கிறார்கள். என் மனைவிக்கு அது வெகுநாள் ஆசை.

*

சூரிக்கில் ஏறும் ரயில் முதலில் ஏரிக்கரையோடு போகிறது. பிறகு வாலன் ஏரி. அதன் வடகரையில் மலை, சுவர் வைத்ததுபோல் நீரிலிருந்து நேராக எழும்புகிறது. லாண்ட்குவார்ட் நிலையத்தில் இறங்கி எதிர் நடைமேடைகளில் நிற்கும் சிவப்பு ரயிலுக்கு மாற வேண்டும். ரேட்டியன் ரயில்வேயின் மீட்டர் பாதை அங்கே தொடங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் அகலப் பாதையிலிருந்து இறங்கி ஊட்டி ரயிலுக்கு மாறிப் பழகியவர்களுக்கு இந்த மாற்றத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஊட்டி ரயிலுக்கும் இந்த ரயிலுக்கும் தண்டவாள அகலம் ஒன்றேதான். நீலகிரி ரயிலின் பல்சக்கர முறையை வகுத்தவர் ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். அந்தச் செங்குத்தில் ஏறிய நீராவி இன்ஜின்களில் பல சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. டாவோஸ் பாதைக்குப் பல்சக்கரம் தேவைப்படவில்லை. வளைந்து வளைந்து, சுரங்கத்துக்குள் புகுந்து, வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறிவிடுகிறது.

இந்தப் பாதையைப் போட முன்னின்றவர் வில்லம் யான் ஹோல்ஸ்போர் என்ற டச்சுக்காரர். கப்பலில் வேலை பார்த்து, பிறகு லண்டனில் வங்கித் தொழிலுக்குப் போனவர். கடலிலிருந்து வந்தவருக்கு ஆல்ப்ஸ் மலையில் ரயில் போட என்ன அவசியம்? மனைவி மார்கரெட்டுக்குக் காசநோய். மலைக்காற்று நல்லது என்று கேள்விப்பட்டு 1867இல் அவளை இங்கே அழைத்து வந்தார். அவள் பிழைக்கவில்லை. ஹோல்ஸ்போர் திரும்பிப் போகவில்லை. மறு ஆண்டே உள்ளூர் மருத்துவர் அலெக்சாண்டர் ஷ்பெங்லரோடு சேர்ந்து நோயாளிகளுக்கான விடுதியைத் தொடங்கினார். நோயாளிகள் குதிரை வண்டியில் குலுங்கி வருவதைப் பார்த்துத்தான் ரயிலுக்கு முனைந்தார். 1890இல் ரயில் டாவோஸை எட்டியது.

வண்டி க்ளோஸ்டர்ஸைத் தாண்டியதும் இதை என் மனைவியிடம் சொன்னேன். பயிற்சிப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “அப்போ இந்த ஊரைக் கட்டினது உங்களை மாதிரி ஒரு ஆளுன்னு சொல்றீங்க” என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஊரில் நான் திரிந்த நாட்களில் போன இடமெல்லாம் அதற்குச் சாட்சி கிடைத்தபடி இருந்தது.

*

டாவோஸ் 1,560 மீட்டர் உயரத்தில், நீண்டு ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. ஊட்டியின் உயரம் இதைவிட அதிகம். ஆனால் நம் வெயில் அங்கே கிடையாது. டோர்ஃப், பிளாட்ஸ் என்று ஊர் இரண்டு பகுதி. இரண்டையும் இணைக்கிறது ப்ரொமனாட் என்ற நெடுந்தெரு. மக்கள்தொகை பதினோராயிரம் அளவில்தான். சுவிஸ் மலையூர் என்றதும் நாம் எதிர்பார்ப்பது சரிந்த ஓட்டுக் கூரையும் மரவீடும். இங்கே பெரும்பாலும் தட்டையான மொட்டை மாடிகள், தெற்குப் பார்த்த நீள நீளமான பால்கனிகள். ருடால்ஃப் காபெரெல் என்ற கட்டடக் கலைஞர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தத் தட்டைக் கூரையைப் பரவலாக்கினார். சரிவுக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து கீழே நிற்பவர் தலையில் விழும். தட்டைக் கூரை அதைத் தாங்கிக்கொள்ளும்.

பால்கனிக்குக் காரணம் நோய். ஷ்பெங்லர் ஜெர்மனியின் மான்ஹைம்காரர். 1848-49 புரட்சியில் சேர்ந்ததால் நாட்டைவிட்டு ஓடி, சூரிக்கில் மருத்துவம் படித்து, 1853இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு மருத்துவராக வந்தார். உள்ளூர்க்காரர்களிடையே காசநோய் இல்லாததைக் கவனித்தார். 1865 பிப்ரவரியில், உச்சகட்டக் குளிரில், இரண்டு ஜெர்மானிய நோயாளிகள் பனிச்சறுக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். ஹோட்டல்காரர்கள் திகைத்தார்கள், கோடையில் வருவதுதான் வழக்கம். இருவரும் தேறினார்கள். ஒருவர் இங்கேயே தங்கிப் புத்தகக் கடை வைத்தார். அதன் பிறகு ஐரோப்பாவின் நோயாளிகள் குளிர்காலத்திலும் வரத் தொடங்கினார்கள்.

சிகிச்சை என்பது படுத்திருப்பதுதான். கம்பளியும் ரோமப் பையும் போர்த்தி, திறந்த பால்கனியில், உறைபனிக் காற்றில், தினமும் மணிக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். சளியைத் துப்ப நீலக் கண்ணாடிக் குப்பி ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். மாதங்கள், சில சமயம் வருடங்கள். நோயாளி படுத்திருப்பார். சரி, கூட வந்தவர்?

1893இல் அப்படிக் கூட வந்த ஒருவர் ஆர்தர் கோனன் டாயில். மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் டாவோஸுக்கு அழைத்து வந்தார். அந்த டிசம்பரில்தான் ஸ்ட்ராண்ட் இதழில் ஷெர்லாக் ஹோம்ஸ் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் விழுந்தார். லண்டன் வாசகர்கள் கொதித்துக் கிடந்தார்கள். டாயிலோ இங்கே நார்வேயிலிருந்து வந்த இரண்டு நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு விழுந்து எழுந்துகொண்டிருந்தார். பனிச்சறுக்கு என்பதை அன்று ஆல்ப்ஸில் அறிந்தவர்கள் மிகச் சிலர். டாவோஸின் ப்ராங்கர் சகோதரர்கள் அந்தச் சிலரில் இருவர். 1894 மார்ச்சில் டாயில் அவர்களோடு மையன்ஃபெல்டர் ஃபுர்க்கா கணவாயைத் தாண்டி அரோசாவுக்குப் போனார். செங்குத்தான ஓர் இறக்கத்தில் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து சறுக்க முயன்றார்கள். கட்டு டாயிலைவிட்டு நழுவி ஓடிப்போக, மீதி மலையை அவர் தம் கால்சட்டையின் பின்புறத்தாலேயே இறங்கினார். தேயாத துணி என்று தையல்காரர் கொடுத்த உறுதி பொய்த்ததைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, ஒருநாள் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் சறுக்குவதற்காகவே சுவிட்சர்லாந்து வருவார்கள் என்றும் எழுதினார். அரோசா ஹோட்டல் பதிவேட்டில் டாயிலின் தொழில் என்ற இடத்தில் ப்ராங்கர் சகோதரர்களில் ஒருவர் எழுதியது ‘விளையாட்டு வீரர்’ என்று.

அவர் சொன்னது பலித்ததை விளக்க வேண்டியதில்லை. நோயாளிகள் போய்விட்ட பிறகு இந்த ஊரைக் காப்பாற்றியது பனிச்சறுக்கு. பனிக்கட்டி விளையாட்டுகளும் அப்படித்தான். ஆங்கில எழுத்தாளர் ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸ் நோயாளியாக வந்து குடியேறியவர். 1883இல் இங்கே சறுக்குவண்டிப் பந்தயம் நடத்தினார். ஒருவகை மரச் சறுக்குவண்டியை இன்றும் டாவோஸ் வண்டி என்றே அழைக்கிறார்கள். ஷ்பெங்லரின் மகன் கார்ல் 1923இல் தொடங்கிய ஐஸ் ஹாக்கிக் கோப்பை, முதல் உலகப் போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் இளைஞர்களை ஒரே மைதானத்துக்குக் கொண்டுவர நினைத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

*

ஊருக்கு மேலே ஷாட்ஸ்ஆல்ப். கயிற்றுக் கம்பியால் இழுக்கப்படும் ரயிலில் சில நிமிடங்களில் போய்விடலாம். நான் காட்டுப் பாதையில் ஏறினேன். பாதையின் தொடக்கத்தில் இருக்கும் வால்ட்ஹோட்டல் ஒருகாலத்தில் வால்ட் சானடோரியம். 1912 மார்ச்சில் காத்யா மன் அங்கே நோயாளியாகச் சேர்ந்தார். மே மாதத்தில் அவரைப் பார்க்க வந்தார் கணவர் தாமஸ் மன். சில வாரங்கள் தங்குவதாகத் திட்டம். குளிர்க்காற்றில் பால்கனியில் உட்கார்ந்ததில் சளி பிடித்தது. தலைமை மருத்துவர் மார்பைத் தட்டிப் பார்த்து, உங்களுக்கும் நுரையீரலில் ஏதோ தெரிகிறது, ஆறு மாதம் தங்கிவிடுங்கள் என்றார். மன் கீழே ஓடிவந்துவிட்டார். ஓடாமல் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத்தான் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1924இல், ‘மாய மலை’ என்ற நாவலாக வெளியிட்டார். ஒன்றுவிட்ட சகோதரனைப் பார்க்க மூன்று வாரத்துக்கு வருகிற இளைஞன் ஏழு வருடம் தங்கிவிடும் கதை. சானடோரியங்களின் சாப்பாட்டு மேசை, காதல், காய்ச்சல்மானி, மருத்துவர்களின் வியாபாரப் புத்தி என்று எதையும் விடவில்லை. ஊர்க்காரர்கள் கடும் கோபம் கொண்டார்கள். இன்று அந்தக் காட்டுப் பாதைக்குத் தாமஸ் மன் பெயர்தான்.

காத்யாவின் எக்ஸ்ரே படங்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்த்த மருத்துவர், அதில் காசநோய்க்கு அடையாளமே இல்லை என்றார். இல்லாத நோய்க்கு மனைவி படுத்திருந்தார். பார்க்க வந்த கணவர் இருபதாம் நூற்றாண்டின் பெருநாவல் ஒன்றை எழுதினார். காத்யா அந்த மாதங்களில் எழுதிய கடிதங்களில் சொன்ன சங்கதிகள்தான் நாவலுக்கு மூலச் சரக்கு. அந்தக் கடிதங்கள் பின்னால் தொலைந்துபோயின.

ஷாட்ஸ்ஆல்ப் சானடோரியமும் ஹோல்ஸ்போரின் கனவு. 1900இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. நாவலில், குளிர்காலத்தில் அங்கிருந்து பிணங்களைச் சறுக்குவண்டியில் கீழே அனுப்புவதாக ஒரு பேச்சு வரும். 1953இல் அது ஹோட்டலாக மாறிவிட்டது. மேலே நின்றபோது பனி பெய்து ஓய்ந்திருந்தது. நீண்ட முகப்பு, வரிசையாகப் பால்கனிகள், எதிரே பள்ளத்தாக்கின் மறுபக்க மலைகள். நம் ஊரில் அணியும் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்த முதியவர் ஒருவர் நின்றார். என் காலையும் கீழே இறங்கும் பாதையையும் மாறி மாறிக் காட்டித் தலையாட்டினார். பிறகு தம் கைத்தடிகளில் ஒன்றை என்னிடம் கொடுத்து, கீழே கம்பி ரயில் நிலையத்தில் வைத்துவிட்டுப் போகும்படி சைகையால் சொன்னார். அப்படியே செய்தேன்.

*

சாயங்காலம் என் மனைவி கை வலியோடு வந்தாள். அன்று முழுக்கப் பிளாஸ்டிக் எலும்பில் துளை போட்டிருக்கிறார்கள். உண்மையான எலும்பைப் போலவே வெளிப்பகுதி கெட்டியாகவும் உள்ளே பஞ்சு போலவும் செய்த செயற்கைத் தொடை எலும்பு. முறிவு ஏற்கனவே வெட்டப்பட்டிருக்கும். பிளேட்டை வளைத்து, துளையிட்டு, ஆழம் அளந்து, ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். பக்கத்து மேசையில் பிரேசில், எதிர் மேசையில் எகிப்து.

“முப்பது வருசமா செய்யறது. ஆனா இன்னிக்கு ஒரு கிழவர் வந்து, ஸ்க்ரூவை ஏன் அந்தக் கோணத்துல போடறேன்னு கேட்டார் பாருங்க, பதில் சொல்ல யோசிக்க வேண்டியதாப் போச்சு” என்றாள்.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய தயிரும், எலெக்ட்ரிக் குக்கரில் நான் வைத்திருந்த சோறும், கோவையிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. இந்த மாநிலமான க்ராவ்புண்டனின் பார்லி சூப்பும் நன்றாகவே இருந்தது. அதில் உலர்ந்த மாட்டிறைச்சி போடாமல் வாங்குவதுதான் சிரமம்.

சாப்பிடும்போது அவள் ஏஓ குழு எதற்காகத் தோன்றியது என்று விளக்கினாள். 1950களில் கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு, அல்லது எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்கை. எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் அதற்குள் மூட்டு இறுகி, தசை சூம்பி, ஆள் முடமாகிவிடுவார். முறிவை உள்ளேயே உறுதியாகப் பிடித்துக் கட்டிவிட்டால் மறுநாளே காலை அசைக்கலாம், ஆளை எழுப்பி நடக்க வைக்கலாம் என்பதுதான் அந்தச் சுவிஸ் மருத்துவர்களின் கட்சி. வெகுநாள் எதிர்ப்பு இருந்தது. இன்று அது பாடம்.

எனக்கு இதில்தான் வேடிக்கை. அசையாமல் படுத்திரு என்று நோயாளிகளுக்குச் சொல்லி வளர்ந்த ஊர், படுக்கைகள் காலியாகிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், படுக்காதே, எழுந்து நட என்று சொல்லிக்கொடுக்கும் ஊராக மாறியிருக்கிறது.

*

மாநாட்டு ஊராக டாவோஸ் மாறியதும் நோயாளிகளால்தான். படிப்பை விட்டுவிட்டு வந்து படுத்திருந்த மாணவர்களுக்காக 1928இல் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கின. முதல் ஆண்டு வந்து பேசியவர்களில் ஐன்ஸ்டைனும் உண்டு. அடுத்த வசந்தத்தில், கிராண்ட் ஹோட்டல் பெல்வெதேரில், தத்துவவாதிகள் எர்ன்ஸ்ட் காசிரரும் மார்ட்டின் ஹைடெக்கரும் காண்ட்டின் தத்துவத்தைப் பற்றி நேருக்கு நேர் விவாதித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தத்துவம் இரண்டாகப் பிரிந்த இடம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தத்துவவாதிகள் லெவினாஸும் (அப்போது இளைஞர்) கார்னப்பும் இருந்தார்கள்.

அங்கே கணவரோடு வந்திருந்தார் டோனி காசிரர். சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஹைடெக்கருக்குப் பக்கத்து இருக்கை. காசிரர் குடும்பம் யூதக் குடும்பம். ஹைடெக்கருக்கு யூதர்கள் மேல் இருந்த மனோபாவம் தமக்குத் தெரிந்தே இருந்தது என்று டோனி, நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த காலத்து நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நான்கே ஆண்டில் காசிரர் நாடு துறந்தார். ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பின்னால் எழுதியது என்பதால் டோனியின் நினைவை அப்படியே ஏற்கலாமா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். மேடையில் பேசியதைக் குறிப்பெடுக்க மாணவர்கள் இருந்தார்கள். மேசையில் நடந்ததைச் சொல்ல டோனி இருந்தார்.

ப்ரொமனாட் தெருவில் அந்த ஹோட்டலைக் கடந்து போகும்போது நின்று பார்த்தேன். ஜனவரிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இப்போது அங்கே கூடுகிறார்கள். அந்த மன்றத்தை 1971இல் கிளவுஸ் ஷ்வாப் தொடங்கியபோது அது ஐரோப்பிய நிர்வாகிகளின் கூட்டம் மட்டுமே. உலகப் பொருளாதார மன்றம் என்ற பெயர் 1987இல்தான் வந்தது. அதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது ஏராளம். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

*

விருந்தினர் அட்டை இருந்தால் உள்ளூர்ப் பேருந்துக்குக் கட்டணம் இல்லை. அதில் ஏறி ஃப்ராவன்கிர்ஹ் போனேன். சாலையோரத் தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவர் கப்பலின் முன்முனை போலக் கூராகக் கட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் பனிச்சரிவை இரண்டாகப் பிளந்து இருபுறமும் அனுப்பிவிட வேண்டும் என்று. பனிச்சரிவை ஆராயும் தேசிய நிறுவனம் இன்று டாவோஸில்தான் இருக்கிறது. கிராமத்துக் கொத்தனாரும் பின்னால் வந்த பௌதிக அறிஞர்களும் எதிர்கொண்டது ஒரே மலையை.

அந்தக் கிராமத்தில்தான் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் வாழ்ந்தார். முதல் உலகப் போரில் சேர்ந்து மனம் உடைந்து, போதை மருந்துக்கு அடிமையாகி, 1917இல் டாவோஸ் வந்து சேர்ந்தவர். துணைவி எர்னா ஷில்லிங் பெர்லினில் அவருடைய படங்களைப் பார்த்துக்கொண்டு, விற்று, பிறகு இங்கேயே வந்துவிட்டார். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. ஆனால் ஊர் அவரைத் திருமதி கிர்ஷ்னர் என்றே அறிந்திருந்தது. கிர்ஷ்னர் வரைந்த வடிவங்களை எர்னா துணியில் தைத்தார். 1937இல் நாஜிகள் ஜெர்மனியின் அருங்காட்சியகங்களிலிருந்து கிர்ஷ்னரின் 639 படைப்புகளைப் பறித்தார்கள். சீரழிந்த கலை என்று கண்காட்சி வைத்து இழிவுபடுத்தினார்கள். மறு ஆண்டு ஜூனில் அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். எர்னா அந்த வீட்டிலேயே 1945 வரை வாழ்ந்து, படங்களைக் காத்து, அங்கேயே இறந்தார். காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். 1992இல் திறக்கப்பட்ட கிர்ஷ்னர் அருங்காட்சியகத்தில் ஊதா மலைகளும் இளஞ்சிவப்புப் பனியும் பார்த்துவிட்டு வெளியே வந்தால், நாலு மணி வெளிச்சத்தில் மலைகள் உண்மையிலேயே ஊதாவாக இருக்கின்றன.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கார்ல் டோர்னோ, பால்டிக் கரையோர கோனிக்ஸ்பெர்க் நகரத்து வணிகர். நோயுற்ற மகளுக்காக டாவோஸ் வந்தவர். எல்லாரும் மலைவெயில் நல்லது, மலைவெயில் நல்லது என்கிறார்களே, அந்த வெயிலில் அப்படி என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கத் தொடங்கினார். 1907இல் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வகம் வைத்தார். அது வளர்ந்து, 1971இலிருந்து உலகக் கதிர்வீச்சு மையம். சூரிய ஒளியின் வலிமையை அளக்கும் கருவிகளுக்கு உலகத் தர அளவு அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடுகள் தங்கள் கருவிகளைச் சுமந்து போய் அங்கே ஒப்பிட்டுச் சரிபார்த்து வருகின்றன. புனேயில் உள்ள நம் வானிலைத் துறையின் மையமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. மகளின் கட்டிலருகே ஒரு தகப்பனுக்கு எழுந்த கேள்வி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

*

டாவோஸின் படுக்கைகளைக் காலி செய்தது மருந்து. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், அதன் பின் ஐசோனியசிட். ஆனால் மருந்து வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: காற்றோட்டமும் ஓய்வும் சத்துணவும் கொண்ட சானடோரியம் தேவையா, தேவையில்லையா? அந்தக் கேள்விக்கு விடை சொன்னது ஆல்ப்ஸ் மலை அல்ல. சென்னை சேத்துப்பட்டு.

1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓராண்டுச் சிகிச்சை; மறு பிரிவுக்கு அதே மாத்திரைகள், ஆனால் வீட்டில், ஒண்டுக்குடித்தன நெரிசலில், போதாத சாப்பாட்டோடு. 1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. நோயாளியோடு ஒரே அறையில் உண்டு உறங்கிய மனைவி மக்களையும் மருத்துவர்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. கூட இருப்பவர்களும் கணக்கில் வர வேண்டியவர்கள் என்று எண்ணிய ஆய்வு அது.

அதே சேத்துப்பட்டில்தான் 1920 ஏப்ரலில் கணித மேதை ராமானுஜன் இறந்தார். 1917இல் இங்கிலாந்தில் நோயுற்று, மெண்டிப் மலையின் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அதை நடத்தியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர். பின்னால் 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. டாவோஸ் வைத்தியம் மெண்டிப் வழியாகத் தாம்பரம் வந்த கதை அது. காத்யாவைப் போலவே ராமானுஜனுக்கும் காசநோய்தானா என்று இன்று மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: குளிர்ந்த அறையில் ராமானுஜன் படுத்திருந்தபோது மனைவி ஜானகி கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தார். அவரால் போக முடியவில்லை. 1919இல் கணவர் திரும்பி வந்த பிறகுதான் பணிவிடை செய்ய முடிந்தது. அந்தக் கடைசி ஓராண்டில், ஜானகி பக்கத்தில் இருக்க, ராமானுஜன் எழுதிய கணக்குகளைக் கணிதவியலாளர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

டாவோஸில் கூட வந்தவர்களுக்குப் பால்கனியும் நேரமும் பணமும் இருந்தன. அதனால் ரயில், நாவல், விளையாட்டு, ஆய்வகம் என்று அவர்கள் செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. நம் அரசு மருத்துவமனை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் மகளுக்கும் கணவனுக்கும் நேரம் மட்டும்தான் இருக்கிறது. அதையும் அவர்கள் சம்பளத்தை இழந்துதான் கொடுக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு, இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டியை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்த நாளில் நான் அவள் அறைக்கு வெளியே இருந்தேன். எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன்பே அவள் கேட்டது, “கூட யாருங்க வந்திருக்கீங்க?” ஏன் அது முதல் கேள்வி என்று இரவில் கேட்டேன். “ராடும் ஸ்க்ரூவும் நான் வெச்சுருவேன். மறுநாள் காலைல அந்தம்மா எந்திரிச்சு நிக்கறப்போ தோளு குடுக்க ஆள் வேணுமில்லீங்களா? அந்த ஆள் இல்லீன்னா டாவோஸ்ல படிச்சதெல்லாம் வீண்” என்றாள்.

காசநோயின் வரலாற்றை எழுதியவர்கள் கிருமியை எழுதியிருக்கிறார்கள், மருந்தை எழுதியிருக்கிறார்கள், மருத்துவரையும் நோயாளியையும் எழுதியிருக்கிறார்கள். தோள் கொடுத்தவர்கள் பாக்கி. தாம்பரத்தில் தாயையோ கணவனையோ கவனித்துக்கொண்டு கிடந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்களைத் தேடிப்பிடித்து, சொல்வதைப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த மாநாடு எந்த ஊரில் என்று என் மனைவி இன்னும் சொல்லவில்லை. அதற்குள் முடிந்தவரை பேரைப் பார்த்துவிட வேண்டும்.